கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் பணிபுரியும் மதிப்பிற்குரிய வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் பணியாற்றுகிறேன். மே மாதம் பிறந்தால் எங்கள் கேட்டில் மாணவர்கள் பயிற்சிக்கு இடம் கேட்டுக் கல்லூரிக் கடிதத்துடன் வந்து நிற்கிறார்கள். அந்தக் கடிதத்தில் பெயரும் துறையும் பதிவெண்ணும் இருக்கும். எந்தத் தேதி முதல் எதுவரை வருகிறார், என்ன கற்க வேண்டும், விபத்துக் காப்பீடு உண்டா, பேச வேண்டுமானால் எந்த ஆசிரியரை அழைப்பது என்பவை இருக்காது. செக்யூரிட்டி வாங்கி வைக்கும் கடிதம் பெரும்பாலும் அவர் மேசையிலேயே தங்கிவிடுகிறது. இடம் கிடைக்காதவர்களில் சிலர் பணம் கட்டி, எந்திரத்தைத் தொடாமலே இன்பிளாண்ட் டிரெயினிங் (தொழிற்சாலைப் பயிற்சி) சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியாததல்ல.

பயிற்சிக்கான இடத்தைத் தேடித் தருவது முதலில் கல்லூரியின் பொறுப்பு என்பதே என் வேண்டுகோளின் சாரம். படிப்பையும் ஊதியத்துடன் கூடிய வேலையையும் மாறி மாறி வைக்கும் முறையை 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கினார். 1957-இல் தோன்றிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதைத் தன் அடித்தளமாகவே கொண்டது. அங்கே விண்ணப்பிப்பதும் நேர்காணலில் தேறுவதும் மாணவர் பாடு. நிறுவனங்களை அழைத்து வந்து இடங்களைத் திரட்டுவது பல்கலைக்கழக அலுவலகத்தின் பாடு. நம்மிடமும் படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியை வைக்கும் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமா இருக்கிறது; அந்த ஒழுங்கு மற்ற வகுப்புகளுக்குப் பரவவில்லை.

சட்டமும் உங்கள் பக்கமே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்தாக வேண்டும். பட்டமோ டிப்ளமாவோ முடித்தவர் மட்டுமன்றி, படித்துக்கொண்டிருப்பவரும் இதற்குள் வர முடியும். அப்ரண்டிஸ் பயிற்சியைக் கவனிக்கும், தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்தை இறுதியாண்டு முடிந்த பிறகுதான் நினைக்க வேண்டும் என்பதில்லை.

எங்களைப் போன்றோருக்குத் தேவை காலமும் தெளிவும்தான். அடுத்த நிதியாண்டுக்கான ஆள் கணக்கு எங்களிடம் மார்ச்சுக்குள் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் வரும் மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்கு ஒதுக்க மேற்பார்வையாளர் இருக்கமாட்டார். பெரிய கார் நிறுவனங்களின் வாசலையே பார்த்துக்கொண்டிராமல், அவற்றுக்கு உதிரிபாகம் தரும் திருமுடிவாக்கம், காக்களூர் போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளுக்கு ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ப் பேசுவது அதிகப் பலன் தரும். அங்கே ஃபோர்மேனாகவோ தரக்கட்டுப்பாட்டிலோ இருக்கும் உங்கள் பழைய மாணவர்தான் பெரும்பாலும் கதவைத் திறப்பவர். மாணவரும் 'எதுவானாலும் செய்கிறேன்' என்று எழுதுவதைவிட, வெர்னியர் அளவுகோலில் அளக்கத் தெரியும், வரைபடம் படிக்கத் தெரியும், கணினிவழி இயங்கும் சிஎன்சி எந்திரத்தில் வேலைப்பொருளைப் பொருத்தத் தெரியும் என்று எழுதினால், அவரை எந்தப் பிரிவில் விடலாம் என்பதை நாங்கள் அன்றே முடிவு செய்துவிடுவோம்.

ஆகவே வரும் நவம்பரிலேயே, துறைவாரியாகப் பெயர்ப்பட்டியல், தேதிகள், காப்பீட்டு விவரம், பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றுடன் உங்கள் பகுதித் தொழிற்சாலைகளின் பயிற்சிப் பிரிவுகளுக்கு எழுதுங்கள். எத்தனை பேரை எடுக்க முடியும், எத்தனை பேரை முடியாது என்பதை ஜனவரிக்குள் எழுத்தில் தருமாறு அக்கடிதத்திலேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சிப் பிரிவு ஊழியர் ஒருவர், அம்பத்தூர்