ஜோங்காவுக்கு முதலில் பிரேக், மற்றதெல்லாம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவ ஏலத்தில் வந்த பழைய வண்டியைப் புதுப்பித்த இளைஞரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படத்தில் இருப்பது கட்டுரை சொல்வதுபோல் வில்லிஸ் ஜீப் அல்ல, ஜோங்கா. நிசான் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று 1969 முதல் ஜபல்பூரில் நம் படைக்காகக் கட்டினார்கள். பெயரைக் கேட்டு ஜப்பானியச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் முதலெழுத்துகள்தான் அது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருபது ஆண்டுகள் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். அதனால் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல. அந்த இளைஞர் செய்த மாற்றங்களைக் கட்டுரை வரிசையாகச் சொல்கிறது: டீசல் என்ஜின், ஏ.சி., பவர் ஸ்டியரிங், முன்னால் கம்பிவடம் சுற்றி இழுக்கும் வின்ச், கூரையில் எல்.இ.டி. விளக்குகள். பிரேக் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை.

என்னிடமும் ஒரு ஜோங்கா இருக்கிறது. கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஏலக் காகிதங்கள் ஒழுங்காக இருந்ததைப் பார்த்து வாங்கினேன். பம்பரைச் சுரண்டியபோது ஒரு பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கடியில் மணல் நிறம், அதற்கும் அடியில் மேல்நோக்கிய அம்புக்குறியும் 79 என்ற எண்ணும் தெரிந்தன. ராணுவ எண்ணில் அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டி படைக்கு வந்த ஆண்டைக் குறிக்கும். நானும் 79-ல் சேர்ந்தவன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்து என் மனைவி கஷாயம் வைத்துவிட்டாள்.

தகரத்திலும் வர்ணத்திலும் மயங்கிக் கிடந்த நான், பிரேக் வேலையை வெளிப் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்தேன். என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மிதிக்கும் காலுக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் கிடையாது. நான்குக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய்ப் பாதை. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங் புதிது, எண்ணெயை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வாஷர் புதிது என்று பில் கொடுத்தார்கள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன்.

பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் லைனிங் கருகும் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன், மலைப்பக்கச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன்.

வீட்டுக்கு இழுத்துவந்து, பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். புது வாஷரை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டியிருந்தார்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ பட்டால் பிரேக் வாஷரின் ரப்பர் ஊதிப்போகும். ஊதிய வாஷர், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளையை மூடிவிடும். காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடாது. லைனிங் டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், கடைசியில் பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகும். ஆவியை எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. பிரேக் பாகங்களைப் பிரேக் எண்ணெயிலோ ஸ்பிரிட்டிலோதான் கழுவ வேண்டும் என்பது செகந்திராபாத் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அது தெரிந்த நான் பட்டறையில் பக்கத்தில் நிற்காமல் வர்ணக் கடையில் நின்றேன்.

அதன்பிறகு முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பாதையுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் வேக்குவம் பூஸ்டரும் போட்டேன். மோட்டார் வாகன ஆய்வாளருக்கு எழுதிக்கொடுத்து, காட்டி, அதன்பிறகே ரோட்டில் ஏற்றினேன். பெட்ரோல் என்ஜினில், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அப்படிக் கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்பு வேண்டும். அதை மறந்துவிட்டு என்ஜினை மட்டும் மாற்றினால், பூஸ்டர் இருந்தும் கால்தான் வலிக்கும். அந்த இளைஞரின் வண்டியில் பம்பு இருக்கிறதா என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம்.

டீசலுக்கு மாறாமல் பழைய பெட்ரோல் என்ஜினையே வைத்திருப்பதால், மைலேஜைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆறு சிலிண்டர், 3,956 சி.சி.; என் வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்குத் திருவிழா. ஆனாலும் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிக்கிற அந்த என்ஜினைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை மட்டும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றினேன். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது அவசியம். தவிர, முன் அனுமதியில்லாமல் வேறு எரிபொருள் என்ஜினைப் பொருத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தரவில்லை. 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதிகளும் 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவை மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான்.

இன்னொன்று. படத்தில் வண்டி பளபளவென்று ராணுவப் பச்சையில் நிற்கிறது. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. என் வண்டிக்குச் சாம்பல் நிறம் அடித்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பம்பரின் உள்பக்கத்தில், ரோட்டில் போகிறவர் கண்ணில் படாத இடத்தில், உள்ளங்கை அளவு பழைய பச்சையை விட்டுவைத்திருக்கிறேன்.

அந்த இளைஞரின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. துருப்பிடித்த தரைத் தகரத்தை வெட்டியெடுத்துப் புதிது வைத்துப் பற்றவைத்த வேலை, படத்தில் தெரிந்த வரைக்கும், சுத்தமாக இருக்கிறது. அவர் மலைப்பக்கம் வருவதாக இருந்தால் தங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லியனுப்பட்டும். என் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் அந்த ஊதிய வாஷரையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நல்ல வாஷரையும் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வாகன மெக்கானிக்,
அருவங்காடு, நீலகிரி.