வயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவே சுவர் இல்லை

ஆசிரியருக்கு,

அடிவயிற்று வலி பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதனுடன் வந்த படம் வயிற்றுக்குழியையும் இடுப்புக்குழியையும் தடித்த கோட்டால் பிரித்து, இரண்டு தனி அறைகளாகக் காட்டியிருந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்க உதரவிதானம் இருக்கிறது; வயிற்றையும் இடுப்பையும் பிரிக்க அப்படி எந்தத் தசையும் சவ்வும் இல்லை. இடுப்பெலும்பின் உள்விளிம்பை வைத்து நாம் வகுத்துக்கொண்ட எல்லை அது, அவ்வளவே.

இந்தப் பிழை சிறியதன்று. முன்சிறுகுடலில் புண் முற்றித் துளை விழுந்தால், கசியும் நீர் வலப்பக்கப் பெருங்குடலை ஒட்டியுள்ள பள்ளம் வழியாக இறங்கி, குடல்வால் அழற்சியைப் போலவே வலது அடிவயிற்றில் வலியைத் தரலாம். நிமிர்ந்த நிலையில் கசிவு போய்த் தங்கும் மிகத் தாழ்ந்த இடம், பெண்களுக்குக் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ளது. வயிற்றில் அடிபட்டவருக்கு அல்ட்ராசவுண்ட் செய்யும்போது, கல்லீரலருகே பார்ப்பதோடு இந்தத் தாழ்விடத்தையும் நாங்கள் தவறாமல் பார்ப்பது இதனால்தான். உடலை முன்னிருந்து காட்டும் படத்தில் இந்தப் பைகள் தெரியவே தெரியா. உடலை நடுவாக வெட்டிக் காட்டும் பக்கவாட்டுப் படம் ஒன்றைத் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

– கதிரியக்க மருத்துவர் ஒருவர்