வாணி விழாத் தோரணமும் றெஜிபோம் கோபுரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாணி விழா நெருங்குகிறது. திருகோணமலைப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இனிக் கைப்பணிக் கண்காட்சிகளுக்குக் குறைவிருக்காது. றெஜிபோம் என்ற வெள்ளை நுரைத்தகட்டில் வெட்டிய கோபுரம், ஐஸ்கிறீம் குச்சி வீடு, போத்தலில் செய்த பூச்சாடி என்று மேசை நிறைந்துவிடும். கைத்தொலைபேசியில் பார்த்துச் செய்த இவற்றை எந்த ஊர் மண்டபத்தில் வைத்தாலும் பொருந்தும். பிள்ளைகளிடம் சொந்தக் கற்பனை இல்லை என்று குறைப்படும் ஆசிரியர்கள், மண்டப வாசலில் தொங்கும் தோரணத்தை நிமிர்ந்து பார்த்தால் நல்லது. அதுவும் இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக்தான்.

தென்னங்குருத்துத் தோரணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மங்கலத்துக்கு குருவியின் தலைபோல மடித்த குருவித்தலை நான்கு, தலை மேல்நோக்கி. அமங்கலத்துக்கு மூன்று, தலை கீழ்நோக்கி. இது தெரியாமல் விழாப் பந்தலில் செத்த வீட்டுத் தோரணத்தைக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. பார்க்கும் பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்கள். குருத்து வெட்டிய அன்றே மடிக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் ஓரம் பழுப்பேறி, மடிப்பில் கிழியும். வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். நவராத்திரிக்குக் கும்பத்துமால் (கும்பம் வைக்கும் பந்தல்) போடும் ஒழுங்கைகளில் தோரணம் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். சித்திரபாடப் பிள்ளைகளை ஒரு பின்னேரம் அவர் பக்கத்தில் இருத்தி, தோரணத்தை அல்ல, அதன் இடைவெளிகளை மட்டும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். பழக்கப்பட்ட பொருள் புதிதாகத் தெரிவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்தது பனையோலை. இழைக்க எடுப்பது விரியாத குருத்து. ஒரு பனை ஆண்டுக்குப் பன்னிரண்டு பதினான்கு ஓலைதான் விடும். ஆகவே ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து வெட்டக்கூடாது. வெட்டியதை விரித்து வெயிலில் மூன்று நான்கு நாள் காயவிட வேண்டும். இரவில் பனியிலும் கிடந்தால் நன்றாக வெளுக்கும். அரைகுறையாகக் காய்ந்ததைச் சுருட்டிக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளி பிறகு எந்தச் சாயத்திலும் மறையாது.

சாயத்துக்குக் கடைத்தூள்தான் வேண்டும் என்றில்லை. 500 கிராம் காய்ந்த ஓலைக்கு 75 கிராம் படிகாரம். ஓலை மூழ்குமளவு தண்ணீரில் அதைக் கரைத்து, மெல்லிய தீயில் ஒரு மணித்தியாலம் வைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுங்கள். மறுநாள் 100 கிராம் மஞ்சள்தூள் கரைத்த கொதிநீரில் இட்டால் பளிச்சென்று பிடிக்கும். ஆனால் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. யன்னலோரம் வைத்த பெட்டி சில கிழமைகளில் வெளிறிவிடும். நிலைக்கும் நிறம் வேண்டுமென்றால் தேயிலைச் சாயம் நல்லது. கடுஞ்சாயத்தில் ஊறிய ஓலையைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் கருஞ்சாம்பல் நிறம் வரும். அதிக நேரம் விட்டால் இரும்பு ஓலையை நொறுங்கவைத்துவிடும். மஞ்சளையும் இரும்புச்சட்டியில் காய்ச்சக்கூடாது, நிறம் மங்கும். அலுமினியச் சட்டியோ மண்சட்டியோ போதும். சாயமேற்றியதை அலசி நிழலில் உலர்த்துங்கள். அலசாவிட்டால் கையிலும் பக்கத்து வெள்ளை ஓலையிலும் ஊறும்.

இழைக்கும்போது ஓலை ஈரத்துணியில் சுற்றிய பதத்தில் இருக்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் கால் மணித்தியாலத்திலேயே காய்ந்து மடிப்பில் வெடிக்கும். அதற்குப் பயந்து தண்ணீரிலேயே ஊறப்போட்டால், இழைத்தது காயும்போது சுருங்கி இடைவெளி விட்டுவிடும். புதியவர்களின் பெட்டி இரண்டு நாளில் தளர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கற்பனை எங்கே வருகிறது என்றால், இழைப்பின் கட்டுப்பாட்டில்தான் வருகிறது. ஓலை குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும், வளையாது. நிலாவெளிக் கரையில் சின்ன நண்டு தன் வளைவாயிலைச் சுற்றி மணலை உருட்டி உருட்டிப் போடுகிறதே, அந்த உருண்டைகள் வளையிலிருந்து கதிர்கதிராக வெளியே பரவும். அதை அப்படியே ஓலையில் கொண்டுவர முடியாது. கணக்குப்பாடச் சதுரக் கொப்பியில் பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் எடுங்கள். ஒற்றை எண்ணாக இருந்தால்தான் நடுக்கட்டம் கிடைக்கும். மேலே வருவது சாயமோலை என்றால் கட்டத்தை நிரப்புங்கள், வெள்ளை என்றால் விடுங்கள். ஒரே ஓலை மூன்று கட்டத்துக்கு மேல் தொடர்ந்து மேலே கிடந்தால் அந்த இடம் தளர்ந்து, நகம் பட்டால் கிளம்பும். இந்த விதிக்குள் நண்டின் கதிரைப் படிப்படியாக உடைத்து அமைக்கும்போது, ஒரே வளையைப் பார்த்த பத்துப் பிள்ளைகளிடம் பத்து வடிவம் பிறக்கும். அரை சென்ரிமீற்றர் அகல ஓலை முப்பது (நெடுக்குக்குப் பதினைந்து, குறுக்குக்குப் பதினைந்து), ஒவ்வொன்றும் இருபது சென்ரிமீற்றர் நீளம். ஏழரை சென்ரிமீற்றர்ச் சதுரமும், ஓரம் மடிக்க மிச்சமும் கிடைக்கும்.

பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. புல்மோட்டைக் கரையில் அலை திரும்பும்போது இல்மனைற் என்ற கனிமத்தின் பாரமான கறுப்பு மணி பின்தங்க, இலேசான மணல் அடிபட்டுப் போய், கறுப்பு வரிகள் விழும். கரையில் வளரும் இராவணன்மீசைப் புல்லின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு விதை தூவிக்கொண்டே போகும். அடம்பன் கொடியைப் பழமொழியில் மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு அதன் இரட்டைமடல் இலையைக் கையில் கொடுங்கள். அச்சுப் பதிக்க அது நல்ல இலை. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில்தான் சாயம் பூச வேண்டும். பறித்த கையோடு பதித்தால் சாறு கசிந்து சாயத்தைக் குழப்பும். பத்திரிகைத் தாளுக்கிடையில் அரைநாள் வாடவிட்டுப் பதியுங்கள். இலை மட்டும் போதும், கொடியைப் பிடுங்க வேண்டாம், கரைமணலைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து சிப்பியோ முருகைக்கல்லோ கண்காட்சிக்கு என்று எடுத்துவரக் கூடாது.

கண்காட்சி நடத்துவோரிடம் இரண்டு கோரிக்கைகள். ஓலை இழைக்கத் தெரிந்த அம்மாமாரை அழைத்தால் பொன்னாடையோடு அனுப்பிவிடாமல், ஒரு நாள் கூலியையும் ஓலைக்காசையும் கொடுங்கள். அடுத்து, ஒரு பாடவேளைக்குள் ஓலை வார்ந்து, சாயமேற்றி, இழைத்து முடிக்க முடியாது. வார்ந்த ஓலையை ஆயத்தமாக வைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள். தைப்பொங்கல் கண்காட்சிக்கும் சேர்த்து இப்போதே காயவைப்பது நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருகோணமலையில் ஓலை காய வெயில் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓலைக் கைப்பணியிலும் சித்திரபாடத்திலும் ஈடுபட்டுள்ளோர் சிலர்,
திருகோணமலை.