அந்த பேஸ் பூட்சி வாசித்தது இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். டீ-லைட் குழுவின் 1990-ஆம் வருட நடனப் பாட்டு 'குரூவ் இஸ் இன் தி ஹார்ட்' பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒஹாயோக்காரப் பாடகி, உக்ரைனிலிருந்து வந்த டிமித்ரி, ஜப்பானிலிருந்து வந்த டோவா டெய் என மூன்று திசையிலிருந்து வந்தவர்கள் நியூயார்க்கில் ஒன்று சேர்ந்த கதை பிரமாதம். ஆனால் பாட்டைத் தாங்கி நிற்கும் அந்த பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த தாழ்சுர இசையை, வாசித்தவர் பூட்சி காலின்ஸ் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பல வருடம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பூட்சி 1970-இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் பேஸ் வாசித்தவர். இந்தப் பாட்டின் வீடியோவிலும் வருகிறார். வேறு என்ன தோன்றும்? ஆனால் இதில் அவர் தந்தது குரல் மட்டும்தான்.

பேஸ் வந்த இடம் வேறு. 1966-இல் வந்த 'புளோ-அப்' படத்துக்கு ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் போட்ட 'பிரிங் டவுன் தி பேர்ட்ஸ்' என்ற சின்ன இசைத்துண்டு அது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே அதே பேஸ் நடை போடும். பாடகி எப்போது வாயைத் திறப்பார் என்று காது காத்திருக்கும். வாசித்தவர் ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டர். அதை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டதுதான் நாம் ஆடிய பாட்டு. நடுவில் ஏறி வழுக்கும் அந்த விசில்கூட வெர்னான் பர்ச்சின் 'கெட் அப்' பாட்டிலிருந்து எடுத்ததுதான். கியூ-டிப்பின் ராப்பும், மேசியோ பார்க்கர் சாக்ஸபோனிலும் ஃபிரெட் வெஸ்லி டிராம்போனிலும் ஊதியதும் இதற்கென்றே பதிவானவை.

அப்புறம், பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இந்தப் பாட்டு 'இரண்டாம் இடத்தோடு நின்றது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1990 செப்டம்பரில், ஜீன்ஸ் விளம்பரத்தின் புண்ணியத்தில் மறுபடி கடைக்கு வந்த ஸ்டீவ் மில்லர் பேண்டின் 1973-ஆம் வருடப் பாட்டு 'தி ஜோக்கர்' ஒரு வாரம் இதோடு சமமாக விற்றது. முந்தைய வாரத்தைவிட எதன் விற்பனை அதிகம் கூடியதோ அதற்கே முதலிடம் என்ற விதியால் கிரீடம் பழைய பாட்டுக்குப் போனது. சமமாக விற்றும் இரண்டாம் இடமா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது கிடக்கட்டும். திருத்தம் போடுவதாக இருந்தால், 'பூட்சி வாசிக்கவில்லை' என்பதோடு நிறுத்தாமல் ரான் கார்ட்டர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்