பழைய எண்ணைக் கடைசியில் விடுங்கள்

அன்புள்ள தோழிக்கு,

பழைய வாழ்க்கையை விட்டுக் கிளம்புவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்கப்போவதில்லை. எப்படி என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

புது வாழ்க்கை என்றதும் பலருக்கு முதலில் கை போவது சிம் கார்டை உடைத்துப் போடத்தான். அதைச் செய்யாதீர்கள். வங்கியும் மின்னஞ்சலும் ஓடிபி அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். எண் போனால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. போதாததற்கு, கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கின் சாவி முகம் தெரியாதவர் கைக்குப் போய்விடும்.

முதலில் வேறு யாரும் தொடாத கருவியில் புது மின்னஞ்சல் ஒன்றைத் திறங்கள். கடவுச்சொல் இதுவரை எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். மீட்பு எண்ணாகப் புது எண்ணைக் கொடுங்கள். போன் கையில் இல்லாதபோதும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கணக்காக மாற்றுங்கள். எவையெல்லாம் இருக்கின்றன என்பது மறந்துபோயிருக்கும். பழைய குறுஞ்செய்திகளில் 'OTP' என்று ஆங்கிலத்தில் தேடினால் பெரும்பாலானவை தெரியவரும். பழைய எண்ணில் எதுவுமே வராமல் சில மாதங்கள் போன பிறகு விடலாம்.

மிரட்டுகிற, அடிக்கிற ஒருவரை விட்டுப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. பிரியும் சமயத்தில்தான் ஆபத்து மிகுதி. கடவுச்சொல்லை மாற்றினாலே அறிவிப்பு அவருக்குப் போகலாம். ஆகவே வெளியேறும் நாளுக்கு முன் பழைய கணக்குகளில் கை வைக்காதீர்கள். அந்த நாளைக் குடும்ப வன்முறை உதவி மையத்தாரோடு பேசி முடிவுசெய்யுங்கள். வரைபடச் செயலியில் இடப் பகிர்வு, குடும்பக் கணக்கு, பகிர்ந்த புகைப்படத் தொகுப்பு, பை மடிப்பில் கிடக்கும், இருக்குமிடம் சொல்லும் ப்ளூடூத் வில்லை எல்லாம் காட்டிக்கொடுக்கும். போனில் உளவுச் செயலி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் புது போன்தான் வழி. அதில் பழைய பேக்கப்பை அப்படியே ஏற்றாதீர்கள். விட்டு வந்ததெல்லாம் கூடவே வந்து ஏறிக்கொள்ளும்.

பெயரை மாற்றுவதென்றால் சட்டப்படியான ஆணை முதலில், அடையாள அட்டை அடுத்து, வங்கி அதற்கப்புறம். படிப்புச் சான்றிதழ்கள் பெரும்பாலும் பழைய பெயரிலேயே கிடக்கும். வேலைக்குச் சேரும்போது இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பெயர்மாற்ற ஆணையின் சான்றிட்ட நகல்கள் வேண்டும், ஐந்தாறாவது எடுத்துவையுங்கள். பழசையெல்லாம் கிழித்துப்போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடன் பெயரோடு போவதில்லை, ஆளோடு வரும். கூட்டுக் கடனில் கையெழுத்திட்டிருந்தால், கடன் கொடுத்தவர் எழுத்தில் விடுவிக்கும்வரை பொறுப்பு உங்களுடையதும்தான். கூட்டு வங்கிக் கணக்கைப் பல சமயம் இருவரில் யார் வேண்டுமானாலும் துடைத்தெடுக்கும்படி வைத்திருப்பார்கள். சம்பளம் வேறு கணக்கில் விழட்டும்.

யாராவது 'காணவில்லை' என்று புகார் கொடுத்தால் ஒளியாதீர்கள். வயது வந்தவர் தன் விருப்பப்படி போவது குற்றமல்ல. காவல்துறையிடம் பத்திரமாக இருப்பதைச் சொல்லி, முகவரியை யாருக்கும் தரவேண்டாம் என்று கேளுங்கள். தேடல் பெரும்பாலும் அதோடு நிற்கும்.

தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரு மாதத்துக்கானதை மருந்துச் சீட்டு நகலோடு எடுத்துச் செல்லுங்கள். வலிப்புக்கும் மனச்சோர்வுக்குமான மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உடல் படுத்திவிடும்.

புதுப் பெயர் எதுவாக இருக்கட்டும் என்பது உங்கள் விருப்பம். அமெரிக்காவின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்பவர்களுக்கே முதல் பெயரையோ முதலெழுத்துகளையோ வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவேண்டுமே! கையெழுத்தையும் வங்கியில் மாதிரி கொடுப்பதற்கு முன்பே நூறு தடவை போட்டுப் பழகிவிடுங்கள். மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் காசோலை திரும்பி வந்துவிடும்.

அன்புடன்.