செல்லியை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. உன் பெண்ணுக்கு வேலை உறுதியானதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. அவளுக்கு நானே தனியாக எழுதுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே. உன் முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நம் கணக்கு டீச்சர் இன்றைக்கும் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறார் என்பதை மட்டும் நினைவூட்டி, அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். பதில் இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் சோம்பல் அன்று. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், எங்கள் நாய் செல்லியைப் பற்றி, இடம் போதாமல் நெருக்கி, "செல்லியை இன்னும் எதற்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? பாவம், விட்டுவிடக் கூடாதா?" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்குக் கோபப்படாமல் பதில் எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. கோபம் இப்போதும் முழுக்கத் தணிந்துவிடவில்லை. அங்கங்கே சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்.

நீ இறந்துபோன உன் நாய் ராஜாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படி எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வாரத்தில் உன் கூடவே அந்தக் கூண்டின் முன்னால் நின்றவள் நான். ஆனால் ராஜாவுக்கு வந்தது எலிக்காய்ச்சல். நல்ல சிறுநீரகத்தைச் சில நாளிலேயே முடக்கிப் போடக்கூடிய நோய் அது. அந்த நிலையில் நரம்பில் டிரிப்ஸ் ஏற்றி, மருந்து கொடுத்து, சிறுநீரகம் மீண்டும் விழித்துக்கொள்ளுமா என்று காத்திருக்க வேண்டும். சில நாய்களுக்கு விழித்துக்கொள்ளும், ராஜாவுக்கு இல்லை. செல்லிக்கு இருப்பது நாள்பட்ட சிறுநீரக நோய். போன பகுதி திரும்பி வராது, மிச்சம் இருப்பதை எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்பதுதான் கேள்வி. ஒன்றில் சில வாரங்களுக்குள் முடிவு தெரிந்துவிடும். மற்றொன்றோடு மாதக்கணக்கில், சில நாய்கள் ஆண்டுக்கணக்கில், வாழ்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

இந்த நோயின் வஞ்சகம் அது வெளியில் காட்டும் முகத்தில் இருக்கிறது. "இந்த வயதிலும் எவ்வளவு நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள் பார், அதனால்தான் தோல் பளபளவென்று இருக்கிறது" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் செல்லியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மருத்துவர்தான் வருடாந்தரத் தடுப்பூசியின்போது, குடிக்கும் தண்ணீரை ஒரு நாள் அளந்து சொல்லுங்கள் என்றார். நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது இயல்பு அன்று. செல்லி 14 கிலோ, அப்படியானால் எல்லை 1.4 லிட்டர். காலையில் அளவுக் குவளையால் ஊற்றி, இரவில் மிச்சத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் இன்னொரு நாய் குட்டனும் அதே பாத்திரத்தில்தான் வாய் வைப்பான் என்பதால் அவனை ஒரு நாள் முழுக்க வேறு அறையில் அடைத்துவைக்க வேண்டியதாயிற்று. அவன் போட்ட கூச்சலில், நாங்கள் அவனை ஏதோ கொடுமை செய்கிறோம் என்று பக்கத்து வீட்டார் நினைத்திருப்பார்கள். செல்லி அந்த எல்லையைப் பகல் உணவுக்குள்ளேயே தாண்டிவிட்டாள். சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போய்விட்டதால் குடிக்கும் தண்ணீரெல்லாம் அப்படியே வெளியேறுகிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அவள் மேலும் மேலும் குடிக்கிறாள் என்று மருத்துவர் விளக்கினார்.

சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகே இந்தத் தாகம் தெரியவரும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறுவதற்கு நான்கில் மூன்று பங்கு போயிருக்க வேண்டும். எஸ்டிஎம்ஏ என்று இப்போது செய்யும் ரத்தப் பரிசோதனை அதற்குச் சற்று முன்னதாகவே காட்டிக்கொடுக்கும் என்கிறார்கள். செல்லிக்குக் கிரியாட்டினின் 3.4 இருந்தது. நாய்களுக்கு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்கள். இரண்டும் இப்போதைக்குக் கட்டுக்குள் இருக்கின்றன. இந்த எண்களை நான் ஒப்பிக்கும் வேகத்தைப் பார்த்தால் கணக்கு டீச்சர் பழையதையெல்லாம் மன்னித்துவிடுவார்.

இனி உணவு விவகாரம். இதை எழுதத்தான் எனக்குப் பக்கங்கள் வேண்டும். சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதம் அளவோடு இருக்கும். எலும்பும் இறைச்சியும் அள்ளித் தருகிற பாஸ்பரஸை வெளியேற்ற முடியாமல்தான் மிச்சமுள்ள சிறுநீரகமும் சீக்கிரம் கெடுகிறது. இது வெறும் வியாபாரப் பேச்சாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த நோயுள்ள 38 நாய்களை இரண்டு பிரிவாக்கி, ஒன்றுக்கு இந்த உணவும் மற்றொன்றுக்கு வழக்கமான உணவும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் வரை கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவில், இந்த உணவைத் தின்றவை கணிசமாகக் கூடுதல் காலம் வாழ்ந்தன, உடம்பில் கழிவு ஏறித் துவண்டுபோகும் நெருக்கடியும் அவற்றுக்குக் குறைவாகவே வந்தது. ஆகவே வாங்கினோம். செல்லி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டாள். குட்டனோ, அதற்காகவே பிறவி எடுத்தவனைப் போல இரண்டு பங்கையும் தீர்த்துவிட்டு, பாத்திரத்தை அடுப்படி வரை தள்ளிக்கொண்டு போனான்.

பிடிவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். கூர்ந்து பார்த்தபோது அது பிடிவாதமாகத் தெரியவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறாள், குனிகிறாள், உதட்டை இரண்டு மூன்று முறை நக்கிக்கொள்கிறாள், எச்சிலை விழுங்குகிறாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பசி இருக்கிறது, குமட்டலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் மருத்துவர் குமட்டலுக்கு மரோபிடன்ட் மாத்திரை எழுதித் தந்தார். அடுத்த நாளே பாதி சாப்பிட்டாள். அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை சில உண்டு. உணவில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்தால் மணம் எழும்பும். புதிய உணவைப் பழைய உணவோடு கலந்து, பங்கை மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். கசப்பு மாத்திரையை அந்த உணவுக்குள் ஒருபோதும் ஒளித்துவைக்கக் கூடாது, ஒரு முறை அகப்பட்டுவிட்டால் அந்த உணவையே சந்தேகப்படத் தொடங்கிவிடுவாள். என் வீட்டுக்காரர் ஒளிந்து ஒளிந்து பிஸ்கட் கொடுப்பது தனி வழக்கு. அதன் விசாரணை இன்னும் முடியவில்லை.

நீ "இழுத்துப் பிடிப்பது" என்று எழுதியது செல்லிக்கு நான் வீட்டில் ஏற்றும் டிரிப்ஸை நினைத்துத்தான் என்று ஊகிக்கிறேன். அது மருத்துவமனையில் ராஜாவுக்கு ஏற்றியதைப் போன்றதன்று, தோலுக்கடியில் விடுவது. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசல் பையை வெதுவெதுப்பான நீரில் போட்டுவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு உறைக்கவில்லை என்று தெரிந்த பிறகு ஜன்னல் கம்பியில் மாட்டுகிறேன். செல்லி தன் பாயில் படுத்துக்கொள்கிறாள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரு பள்ளம் விழும். அதில் ஊசியைச் சட்டென்று செலுத்திவிட வேண்டும், தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். சொட்டுகள் இறங்க இறங்க, காளைக்குத் திமில் முளைத்தாற்போல முதுகில் ஒரு மேடு எழும்பும். சில மணி நேரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து முன்னங்காலை நோக்கி இறங்கி, பிறகு உடம்பில் கலந்துவிடும். முதல் முறை அந்த வீக்கம் காலுக்கு இறங்கியதைப் பார்த்துவிட்டு அவர் நள்ளிரவில் மருத்துவரை எழுப்பிவிட்டார். ஊசியைக் கண்டாலே நாற்காலியைத் தேடுகிறவர், இப்போது பையைப் பிழிந்துவிடும் பொறுப்பை ஏற்றிருக்கிறார், கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இதயம் பலவீனமான நாய்க்கு இப்படி ஏற்றினால் ஆபத்து என்பதால் செல்லியின் இதயத்தைச் சோதித்த பிறகுதான் எங்களை வீட்டில் செய்ய அனுமதித்தார்கள், அளவும் அவர்கள் சொன்னதுதான். எல்லாம் முடிய ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆகும். முடிந்ததும் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து, குட்டனின் படுக்கையிலிருந்து அவனை விரட்டிவிட்டு அதில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், வசந்தி. இது அவளுக்காகவா எனக்காகவா என்று நீ கேட்கும் முன்பே நான் கேட்டுக்கொண்டாயிற்று. நடு இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று கை வைத்துப் பார்க்கிறவளுக்கு அந்தக் கேள்வியை வேறொருவர் வந்து நினைவூட்ட வேண்டியதில்லை. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் வகுத்த அளவுகோல் ஒன்றை எங்கள் மருத்துவர் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், கூட்டிப் பார்த்து 35க்கு மேல் இருந்தால் அந்த வாழ்க்கை ஏற்கத்தக்கது. ஞாயிறுதோறும் அவரும் நானும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியே போடுகிறோம். அவர் எப்போதும் அள்ளித்தான் போடுவார். அவருடையதற்கும் என்னுடையதற்கும் உள்ள இடைவெளி குறைவதும் கூடுவதும், கூட்டுத்தொகையைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. கூட்டுத்தொகையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை; மூச்சுவிடத் திணறும் நாய்க்கு மற்ற ஆறிலும் முழு மதிப்பெண் கிடைத்து என்ன பயன்?

நான் நம்புவது, யாரும் அழைக்காமல் அவளாகச் செய்கிற காரியங்களை. வாசல் கதவு கிறீச்சிட்டால் யாரென்று பார்க்க எழுந்து போகிறாள். வெயில் விழும் இடத்துக்குப் பாயை விட்டு நகர்ந்து, மல்லாந்து புரள்கிறாள். குட்டனை விரட்டுவதைச் சொன்னேன். இவற்றில் ஒன்று நின்றால் மருத்துவரைக் கூப்பிடுவேன். மூன்றும் நின்று, குமட்டல் மருந்து கொடுத்தும் உணவைத் தொடாமல், வாயில் புண்ணும் வந்துவிட்டால், வீட்டிலேயே, அவள் பாயிலேயே, ஊசி போட்டு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். யார் அவள் தலையைப் பிடித்துக்கொள்வது என்பது உள்பட எல்லாம் பேசியாயிற்று. பேசிய அன்று இரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. ராஜாவுக்கு அந்த முடிவை எடுக்க உனக்கு நேரமே கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு உன்னைத் திட்ட வேண்டிய இடத்துக்கும் வந்துவிடுகிறேன். டைகர் நொண்டுகிறான் என்றும், உன் முழங்காலுக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதியை அவனுக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு மருத்துவரிடம் போ. இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் தாக்கும். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, அவற்றையும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுப்பார்கள். திராட்சையும் உலர்திராட்சையும் அவன் வாய்க்கு எட்டக் கூடாது; சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். மூட்டு வலிக்கு உன் கையிலேயே இருக்கும் வைத்தியம் அவன் எடையைக் குறைப்பது. பெயர்தான் டைகர், பார்வைக்குத் தலையணை. வழுக்கும் தரையில் அவன் நடக்கும் பாதையெங்கும் பாய் விரித்துவிடு, நகத்தை வெட்டிவிடு, அவன் கெஞ்சும்போது அந்தப் பக்கம் பார்க்காதே. கடைசியில் சொன்னது உன்னால் முடியாது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

டைகரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது, காலையில் அவன் கழிக்கும் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போ. இரவெல்லாம் தேங்கியது என்பதால் அடர்த்தி அதில்தான் சரியாகத் தெரியும். அவன் காலைத் தூக்கியதும் பின்னால் இருந்து நீளக் கைப்பிடியுள்ள கரண்டியை நீட்ட வேண்டும்; முன்னால் போய் நின்றால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவான். அந்தக் கரண்டியை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதே என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் வீட்டுக்காரருக்குச் சொல்லிவை. முடிவு வந்ததும் எண்களோடு எழுது. "எல்லாம் நார்மலாம்" என்று ஒரு வரி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்,
மீனா