மூன்று வியாழக்கிழமைகளுக்காக நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் அரசு கலைக் கல்லூரியில் இந்தப் பருவத்தில் மூன்று வியாழக்கிழமைகள், மதியம் இரண்டு மணிக்கு, பெண்ணியம் பற்றியும் பெண்களின் உரிமைகள் பற்றியும் விருந்தினர் உரைகள் நடந்தன. கடைசி நாளில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நன்றியுரையை அவசர அவசரமாக முடித்தேன். பாதிப் பேர் விடுபட்டுப் போனார்கள். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் உரைக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை அம்மாவுக்கு என் வணக்கம். மைக்கைப் பிடித்ததும், "உங்களில் எத்தனை பேருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது?" என்று கேட்டீர்கள். பாதிக்கு மேல் கை உயர்ந்தது. "அது யாருடைய பெயரில் வருகிறது?" என்றீர்கள். கூடமே அமைதியானது. அந்த உதவித்தொகைத் திட்டம் புதுமைப் பெண் என்று மட்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்ததுதான் 2022-ல் உயர்கல்விக்கான உதவியாக மாறியது என்பதை அன்றுதான் கேட்டார்கள். மூவலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அந்த அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1938-ல் 55 வயதில் திருச்சியிலிருந்து சென்னைவரை இந்தி எதிர்ப்புப் படையோடு நடந்தவர். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். இதையெல்லாம் நீங்கள் ஒரு பாட்டியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

இரண்டாவது வாரம் வந்த அக்கா, ஜவுளிக்கடையில் பல வருடம் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தவர். மேடையில் பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாங்கள் அவரை மைக் முன்னால் நிற்கச் சொன்னோம். "இவ்வளவு வருஷம் நின்னாச்சு, இன்னைக்கு உட்கார்ந்துதான் பேசுவேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கதை, நரம்பு சுருட்டிக்கொண்ட கால், ஸ்டூலில் சாய்ந்ததற்கு வாங்கிய திட்டு எல்லாம் சொன்னார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியிருப்பதையும் அவர்தான் சொன்னார். பண்டிகை நாட்களில் கடைக்குப் போகும் எங்கள் மாணவிகள் சிலர் அழுதுவிட்டார்கள். அக்கா, உங்கள் உரைக்கு ஈடாக நாங்கள் கொடுத்த வழிச்செலவு ஒன்றுமே இல்லை.

மூன்றாவது உரை சொத்துரிமை. வக்கீல் அம்மா கரும்பலகையில் மூன்று தேதிகளை மட்டும் எழுதினார்: 1989 மார்ச் 25, 2004 டிசம்பர் 20, 2005 செப்டம்பர் 9. முதலாவது, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம். அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை அது சேர்க்கவில்லை. மூன்றாவது, நாடு முழுமைக்குமான திருத்தம். அதில் அந்தக் கல்யாணத் தடை கிடையாது. நடுவில் உள்ள தேதிக்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கலைக்க முடியாது.

அப்புறம்தான் கடைசி வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. "மேடம், எங்க பெரியம்மாவுக்கு 1987-ல கல்யாணம். தாத்தா நிலத்துல அவங்களுக்குப் பங்கு உண்டா?" வக்கீல் அம்மா அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. "இருக்க வாய்ப்பு உண்டும்மா. ஆனா பத்திரத்தைப் பார்க்காம சொல்லமாட்டேன்" என்றார். கூடவே, "சீர் செஞ்சாச்சேன்னு சொல்லி, பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டுவாங்க. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க" என்றார். அந்த ஒரு வரியை எத்தனை நோட்டில் எழுதிக்கொண்டார்கள் என்று நானே நடந்து பார்த்தேன். கேள்வி கேட்ட மகளே, உனக்குத் தனியாக ஒரு நன்றி. வீட்டு விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்று வளர்த்த ஊரில் நீ எழுந்து நின்றாய்.

கூடத்தின் சாவியை மூன்று வாரமும் நேரத்துக்குக் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் அண்ணன், பக்கத்து வகுப்புகளிலிருந்து நாற்காலி சுமந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் (சுமந்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்கள், அதற்கு இரட்டை நன்றி), சாப்பாட்டு நேரத்தை மாற்றி வைத்த விடுதிக் காப்பாளர், எல்லோருக்கும் நன்றி. நாலரை மணி பஸ்ஸைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்த ஓட்டுநர் அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள்.

போன திங்கட்கிழமை அந்தப் பெரியம்மாவே கல்லூரிக்கு வந்தார். மஞ்சள் பையில் பத்திர நகல், உறை போட்ட பழைய பட்டா. வக்கீல் அம்மா தன் வேலையை விட்டுவிட்டு வந்து, நூலக வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்துச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. பைசா வாங்கவில்லை. அம்மா, அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
உரைகளின் ஒருங்கிணைப்பாளர்